ஆண்மை எது?



இந்நூலகத்தின் ஆண்டு விழாவில் பெண்ணுரிமையைப் பற்றிப் பேசுமாறு அன்பர்கள் என்னை அழைத்தபோது, அப்பொருளை அதன் மறுபுறத்திலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டினேன். பெண்ணின் கல்வி, பெண்ணின் மணம், பெண்ணின் உடை, பெண்ணின் கற்பு என்று நூறாண்டுகளாக அவளையே ஆராய்ச்சிப் பொருளாக்கி நடுவில் நிறுத்தி, சுற்றியிருந்து தீர்ப்புச் சொல்லிப் பழகிவிட்டோம். தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் ஆடவன் யார், அவனை அங்கே அமர்த்தியது எது என்று கேட்பதோ மிக அரிது. ஆகவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆண்மை.

எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். நான் பத்து வயதுச் சிறுவனாயிருந்தபோது என் தாயார் விஷஜுரம் கண்டு ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். உதவிக்கு வரக்கூடிய பாட்டியோ அத்தையோ அருகில் இல்லாமையால், என் தந்தையார் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் வாசல் தெளித்து, கிணற்றில் நீர் இறைத்து, உலை வைத்து, எங்களுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு அலுவலுக்குச் செல்வார். அடுக்களைக்குத் தெருப்பக்கமாக ஒரு சன்னல் உண்டு. அடுப்பு மூட்டுமுன் அதனை அவர் இறுகச் சாத்தித் தாழிட்டுவிடுவார். விறகுப் புகை அறையெல்லாம் சூழ, கண் சிவந்து, இருமி இருமி, அவர் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் நினைவில் நிற்கிறது. "சன்னலைத் திறந்தா என்னங்க?" என்று என் தாயார் படுக்கையிலிருந்து கேட்பார். "தெருவிலே போறவன் பார்த்தா என்ன நெனைப்பான்?" என்பார் தந்தையார்.

அவர் நல்லவர், மனைவியின்பால் அன்புடையவர், எந்த வேலைக்கும் அஞ்சாதவர். சோறாக்குவதை அவர் இழிவாக நினைக்கவில்லை. சோறாக்குவதைப் பிறர் காண்பதையே இழிவாக நினைத்தார். சன்னலைச் சாத்திய கை அவருடையதாயினும், சாத்தச் சொன்ன குரல் வேறு எவருடையதோ. அக்குரல் எங்கிருந்து பிறந்தது என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆண்மை என்னும் சொல் நம் மொழியில் ஆண்பாலின் இயல்பைக் குறித்ததோடு, ஆளுந்தன்மை என்னும் பொருளிலும் தொன்றுதொட்டு வழங்கிவந்திருக்கிறது. முயற்சியைத் தாளாண்மை என்கிறோம். பிறருக்கு உதவும் பண்பையும், பின்னர் உழவுத் தொழிலையும், வேளாண்மை என்கிறோம். நாற்று நடுபவளும் களை பறிப்பவளும் பெண்ணாயிருக்க, வேளாண்மையை ஆடவனுக்கு மட்டும் உரியதென்று எவரும் சாதிப்பதில்லை. திருவள்ளுவர் பிறன் மனைவியை விரும்பி நோக்காத ஒழுக்கத்தைப் பேராண்மை என்றார். தான் பிறந்த குடியின் பொறுப்பை ஏற்று அதனை உயர்த்துவதை நல்லாண்மை என்றார். படைவீரனின் செருக்கைப் பாடுமிடத்திலும், அஞ்சாமையோடு நின்றுவிடாமல், பகைவனுக்கு ஒரு தாழ்வு வந்தபோது அவனுக்கு உதவுவதையே அவ்வீரத்தின் கூர்மையாக வைத்தார். இம்மூன்றிடத்தும் ஆண்மை என்பது தன்னைத்தான் ஆள்வதாகவோ, பிறர் சுமையைத் தாங்குவதாகவோ இருக்கிறதேயொழிய, பிறரை அடக்குவதாக இல்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நான் உண்மைக்குக் குறை செய்தவனாவேன். அதே வள்ளுவர் பெண்வழிச்சேறல் என ஓர் அதிகாரம் வகுத்து, மனைவியின் சொற்கேட்டு நடக்கும் ஆடவனை இகழ்ந்திருக்கிறார். அவருக்கு முற்பட்ட தொல்காப்பியமோ, பெருமையையும் வலிமையையும் ஒருபாலுக்கு உரிமையாக்கி, அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் மறுபாலுக்கு வகுத்துவைத்தது. இம்மூன்றனுள் மடம் என்பதற்குப் பழைய உரையாசிரியர்கள் சொன்ன விளக்கத்தைச் சற்று உற்று நோக்குங்கள்: பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தலே மடம் என்பது அவர்கள் கருத்து. பெண்ணின் இயற்கைக் குணம் என்று சொல்லப்பட்டதே கற்பித்து வருவதொன்றாயின், ஆணின் இயற்கைக் குணம் என்பதும் அவ்வாறு கற்பித்து வந்ததாக ஏன் இருக்கலாகாது? "சாண் பிள்ளையானாலும் ஆண்பிள்ளை" என்று தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கே பட்டம் சூட்டுகிறோம், ஐந்து வயதில் முழங்காலில் அடிபட்டு அழுதால், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று கண்ணீரைத் தடுக்கிறோம், பத்து வயதில் தங்கைக்குக் காவலாகத் தெருவில் உடன் அனுப்புகிறோம், பதினைந்து வயதில் அவள் எங்கே போகலாம், யாரோடு பேசலாம் என்று விதிக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இப்படிப் படிப்படியாகப் பயிற்றிய பின், "அது ஆணின் சுபாவம்" என்று சொல்லி நம் பயிற்சியை நாமே மறந்துவிடுகிறோம்.

சமூக இயல் அறிஞர் இவ்வுண்மையைப் பல வழிகளில் நாடியிருக்கின்றனர். அமெரிக்க மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் அம்மையார், நியூ கினியாத் தீவின் மூன்று இனத்தாரிடையே வாழ்ந்து கண்டவற்றை 1935-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஓரினத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே மென்மையுடையவர். மற்றோரினத்தில் இருபாலாரும் ஒருங்கே கடுமையுடையவர். மூன்றாம் இனத்திலோ நாம் ஆணுக்குரியவை என்று கருதும் குணங்கள் பெண்ணிடமும், பெண்ணுக்குரியவை என்று கருதுபவை ஆணிடமும் காணப்பட்டன என்று அவர் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் அவருடைய சித்திரத்தைச் சில இடங்களில் திருத்தியுள்ளனர். ஆயினும் குணத்தை உடலோடு ஒட்டிப் பார்க்கும் வழக்கத்தை அந்நூல் அசைத்துவிட்டது.

நியூ கினியாவுக்குப் போவானேன்? பழைய சென்னை மாகாணத்தின் வரலாற்றிலேயே இதற்குப் பிரத்தியட்சமான சான்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் முதல் வெற்றிகளைச் சென்னைச் சிப்பாய்களின் தோள்வலியால் அடைந்தது. மைசூர்ப் போர்களிலும், 1803-இல் அஸ்ஸாயேக் களத்திலும் அவர்கள் நின்று பொருதனர். ஆயினும் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்து, பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைமை தாங்கிய பிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டார் நீண்டகால அமைதியில் வாழ்ந்து போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்று முடிவு கட்டினார். கூர்க்கரும் பட்டாணியரும் சீக்கியரும் வீர வகுப்பினர் என்று ஒரு பிரிவு வகுக்கப்பட்டது. அதில் சேராதவருடைய படைப்பிரிவுகள் சுருங்கலாயின. அச்சிப்பாய்களின் பேரன்மார் ஒரே தலைமுறையில் ஆண்மையற்றவராயினர். அதன்பின் இரண்டாம் உலகப் போர் மூண்டு, ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டபோது, அதே சென்னை மாகாணத்திலிருந்து அதே அரசாங்கம் திரள் திரளாகச் சேர்த்துக்கொண்டது. போன ஆண்மை திரும்பிவந்துவிட்டது. இரத்தத்தில் ஊறியதென்று சொல்லப்படும் ஒன்று, அரசாங்கத்தின் தேவைக்கேற்ப வந்தும் போயும் இருக்குமானால், அது இரத்தத்தில் இல்லை என்பது வெளிப்படை.

வங்காளத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஆங்கிலேயரை ஆண்மையின் வடிவமாகவும், படித்த வங்காளியரைப் பேடியராகவும் காட்டிய பேச்சுகள், ஒன்று இன்றி மற்றொன்று நிலைக்காதவாறு சேர்த்தே கட்டப்பட்டவை என்பதை வரலாற்றறிஞர் மிருணாளினி சின்ஹா 1995-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வகைசெய்த 1883-ஆம் ஆண்டின் இல்பர்ட் மசோதாவை எதிர்த்த வெள்ளையர், தங்கள் குலப் பெண்டிரின் மானத்தைக் காப்பதாகச் சொன்னார்கள். சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891-ஆம் ஆண்டின் சட்டத்தை எதிர்த்த நம்மவர், தங்கள் இல்லத்தின் தருமத்தைக் காப்பதாகச் சொன்னார்கள். இரு சாராரும் காவலராக நின்றார்கள். எவர் பெயரால் காவல் நின்றார்களோ, அப்பெண்களின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை.

காவல் என்ற இச்சொல்லிலேதான் ஆண்மையின் மர்மம் இருக்கிறது என்பது என் துணிபு. நம் சமுதாயம் ஆடவனுக்கு அளித்திருப்பது ஒரு காவல் உத்தியோகம். எதைக் காக்கும் உத்தியோகம் என்பதை 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில், இருபத்தைந்து வயது மாணவராயிருந்த அம்பேத்கர் வாசித்த கட்டுரை தெளிவாக்குகிறது. சாதியின் உயிர்நிலை, தன் சாதிக்குள்ளேயே மணக்கும் அகமணம் என்றும், மணவட்டம் சிதையாதிருக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாயிருக்க வேண்டும் என்றும், கணவன் இறந்தபின் எஞ்சும் பெண்ணால் அச்சமநிலை குலைவதைத் தடுக்கவே சதியும் கட்டாய விதவைக் கோலமும் ஏற்பட்டன என்றும், மனைவியை இழந்த ஆடவனுக்குப் பருவமெய்தாத சிறுமியை மணமுடிக்கும் வழக்கமும் இதிலிருந்தே எழுந்தது என்றும் அவர் நிறுவினார். அஃதாவது, பெண்ணின் உடல் சாதியின் எல்லை. ஆடவன் அவ்வெல்லையில் நிறுத்தப்பட்ட காவலாளி. இன்றும் நம் நாட்டில், மாற்றுச் சாதியில் மணம் செய்துகொண்ட ஒரே குற்றத்துக்காகத் தந்தையும் தமையனும் அரிவாள் எடுக்கும்போது, அச்செயலை ஆண்மை என்று மெச்சும் வாய்கள் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய உத்தியோகம் இன்னும் ரத்தாகாததே.

இக்காவலின் அநீதியைப் பெண்களே உரக்கச் சொன்னார்கள். 1881-இல் சூரத்தில் ஒரு பிராமண விதவை, தான் பெற்ற சிசுவைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. பத்திரிகைகள் அதனை வாய்ப்பாகக் கொண்டு பெண்ணினத்தையே தூற்றின. அதனைப் பொறாத தாராபாய் ஷிண்டே என்னும் மராட்டியப் பெண்மணி, 1882-இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்ற சிறு நூலை எழுதினார். பெண்ணுக்குரியவையாகச் சொல்லப்படும் குற்றங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது ஆணிடம் இல்லையா என்று நிறுத்துப் பார்த்தார். மனைவியை இழந்த கணவனுக்கு மட்டும் விதவையின் விதிகள் ஏன் இல்லை என்று கேட்டார். ஜோதிராவ் புலே அவருக்குத் துணையாக எழுதினார். ஆயினும் அதன்பின் அம்மையார் வேறு நூல் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த ஒரு நூலும் 1975-இல் மறுபதிப்பாகும்வரை ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது.

தமிழ்நாட்டில் இச்சிந்தனையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' இதழில் எழுதி, பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் சேர்ந்த கட்டுரைகளுள் ஒன்று, பெண்களின் விடுதலைக்கு ஆண்மை அழியவேண்டும் என்று தலைப்பிலேயே கூறுகிறது. வீரம், சுதந்திரம் முதலிய அனைத்தையும் ஆண்மை என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கும்வரை, பெண்ணுக்கு அவற்றில் பங்கில்லை என்று மொழியே அறிவிக்கிறது என்பது அவருடைய வாதம். ஆடவரின் பரிவால் பெண் விடுதலை பெறுவாள் என்பதை அவர் நம்பவில்லை. எலிகளுக்குப் பூனைகள் விடுதலை வாங்கித் தருவதுண்டா என்று கேட்டார். கேட்டவர் ஓர் ஆடவர் என்பதால், அக்கேள்வி அவரையும் உள்ளிட்டது. இங்கே பேசும் என்னையும் உள்ளிட்டது.

ஆஸ்திரேலியச் சமூக இயல் அறிஞர் ரேவின் கானெல் 1995-இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு நுட்பமான விளக்கம் தருகிறது. ஆண்மை ஒன்றன்று, பல; அவற்றுள் ஒரு வகை மட்டும் மேலாதிக்கம் பெற்று, ஏனைய ஆண்களையும் பெண்களையும் தனக்குக் கீழ்ப்படுத்துகிறது; ஏழையும், சிறுபான்மையோனும், மென்மையானவனும் அதன்முன் குறைந்த ஆண்களாகிவிடுகின்றனர் என்பது அவர் கொள்கை. அந்த மேலாதிக்கத்தைத் தாமே செலுத்தாத ஆடவரும் அதன் ஈவுத்தொகையைப் பெறுகிறார்கள் என்றும் அவர் கூறுகிறார். இது நம்மைப் போன்ற நல்லவர்கள் மனத்தில் தைத்துக்கொள்ள வேண்டிய சொல். "நான் என் மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை" என்று பெருமை கொள்பவரே, பின்னிரவில் வீடு திரும்பும்போது நமக்கு இல்லாத அச்சம், கூட்டத்தில் பேசும்போது குறுக்கே மறிக்கப்படாத நம் சொல், அலுவலிலிருந்து வந்தவுடன் கைக்கு வரும் சூடான காப்பி, இவை யாவும் நாம் முதலிடாமலே பெற்றுவரும் ஈவுத்தொகை அல்லவா?

அந்த ஈவுத்தொகைக்கு இந்நாட்டில் கணக்கும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்களோ நூற்றுக்கு 26 பேர். எஞ்சிய 74 பேரும் சோறுண்ணாதவர்களோ, துணி உடுத்தாதவர்களோ அல்லர். அவர்கள் உண்டதும் உடுத்ததும் யாருடைய கைகளாலோ நிகழ்ந்திருக்கிறது.

"அப்படியானால் ஆடவனுக்கு இது இலாபமான உத்தியோகந்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். காவலாளிக்கும் இரவெல்லாம் உறக்கமில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர் 1,64,033 பேர் என்றும், அவருள் ஆடவர் 1,18,979 பேர் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அவ்வாடவருள் 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அன்றாடக் கூலிகள். இறந்த பெண்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இல்லத்தரசிகள் என்பதையும் அதே கணக்கில் படிக்கிறோம். அத்துயரம் எவ்வகையிலும் சிறிதன்று. வறுமையும் கடனும் நோயும் இச்சாவுகளுக்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் குடும்பத்தைத் தாங்குபவனே ஆண் என்று கற்பிக்கப்பட்டவன், தாங்க இயலாத நாளில் தன்னை ஆணென்று சொல்லிக்கொள்ள வழியற்றுப் போகிறான். அழலாகாது என்று கற்பிக்கப்பட்டவன், துயரத்தைச் சொல்ல வாயற்றுப் போகிறான். எங்கள் வீட்டுச் சன்னலைச் சாத்திய அதே குரல், இவர்கள் வாயையும் சாத்திவிடுகிறது. புகை உள்ளேயே சூழ்கிறது.

ஆகவே ஆண்மை அழிவது ஆடவனுக்கு நேரும் நஷ்டம் என்று எவரும் அஞ்ச வேண்டா. வள்ளுவர் பேராண்மை என்ற தன்னடக்கம் அழிவதில்லை. குடியைத் தாங்கும் நல்லாண்மை அழிவதில்லை. அவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மனிதத் தன்மையாகிவிடுகின்றன. அழிவது காவல் உத்தியோகம் ஒன்றே.

அன்பர்களே, மனமாற்றம் மட்டும் போதும் என்று சொல்லி உங்களை இனிதாக வீட்டுக்கு அனுப்ப நான் விரும்பவில்லை. ஆதிக்கத்தின் வேர் சொத்தில் இருக்கிறது. "ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண்" என்ற நம் பழமொழியே அதற்குச் சாட்சி. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பெண்களின் சொத்துரிமையையும் உள்ளடக்கிய இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாது கிடந்ததை ஒரு முக்கிய காரணமாகக் காட்டி 1951-இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். செங்கற்பட்டுத் தீர்மானத்துக்குப் பின் அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டுச் சட்டம் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனோடு ஒத்த பங்கை அளித்தது. 2005-இல் நாடு முழுவதற்கும், மணமான பெண்களுக்கும், அவ்வுரிமை வந்தது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊர்தோறும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதென்ன? "நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனிப் பங்கென்ன?" என்று கேட்டு, சகோதரிகளை வரிசையாக நிறுத்திக் கையொப்பம் வாங்குகிறோம். கையெழுத்திட மறுத்தால் தாய்வீட்டு வாசல் அவளுக்கு அடைபட்டுவிடும். பண்டிகைக்கு அழைப்பு வராது. அவள் தன் உரிமையைத் துறக்கும் அப்பத்திரத்துக்கு நம் நாட்டில் வழங்கும் பெயர் விடுதலைப் பத்திரம்.

இங்கே அமர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளை நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுக்களைச் சன்னலைத் திறந்து வைத்து, தெருவில் போகிறவன் பார்க்கச் சோறாக்குங்கள். உங்கள் மகன் அழும்போது அழவிடுங்கள். தங்கைக்குக் காவலனாக அவனை அனுப்பாதீர்கள், அவளோடு விளையாடத் துணையாக அனுப்புங்கள். இவையனைத்தும் எளியவை. எளிதல்லாத ஒன்று உண்டு. பெண்ணுரிமையை நீங்கள் மெய்யாகவே ஒப்புக்கொள்கிறீர்களா என்பதை அதுவே காட்டிவிடும். உங்கள் அக்காளிடமும் தங்கையிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேளாதீர்கள். முன்னமே வாங்கியிருந்தால், அவள் பங்கை அவள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.